வாயைத் திறக்காமல் கூட இருந்தவர்களுக்கு

என் கணவர் போய் இன்றோடு ஆறு மாதம். நன்றி சொல்ல இவ்வளவு தாமதமானதற்கு மன்னியுங்கள். இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன். நாலாவது வரியிலேயே கோபம் வந்து கிழித்துப்போட்டேன். கோபம் இன்னும் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் கடவுளிடமே கொட்டிக்கொள்கிறேன், உங்கள் பக்கம் வராது.

முதலில், ஐசியூ வாசலில் ராத்திரியெல்லாம் என்னோடு உட்கார்ந்திருந்த மூன்று தோழிகளுக்கு. பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் மூன்று நண்பர்கள் என்றாலே, அவர்கள் பேசிப் பேசி அவனை நோகடித்ததுதான் நமக்கு ஞாபகம் வரும். அதற்கு முன்னால் ஏழு பகல் ஏழு இரவு, ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நீங்கள் திறக்கவே இல்லை. (ஒருத்தி குறட்டை விட்டாள். அது கணக்கில் சேராது.)

பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்ட அந்த இரவு நர்ஸுக்கு. நினைவே இல்லாமல் கிடந்தவரிடம் ஒவ்வொரு தடவையும், “சார், இப்போ இந்தப் பக்கம் திருப்பப் போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் திருப்பினீர்கள்.

கொழுந்தனாருக்கு. பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் அலமாரியில் கிடந்தன. தூக்கிப்போட எனக்குக் கை வரவில்லை. “அண்ணி, நான் எடுத்துட்டுப் போகட்டுமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாகப் பையில் போட்டீர்கள். கடைசி அட்டையில் இரண்டு மாத்திரை மிச்சம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றீர்கள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

விசுவாசம் குறைவு, மறைவான பாவம் என்று காரணம் சொன்னவர்களும் உண்டு. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார். சரி, அது போகட்டும்.

ஞாயிறு பள்ளி அக்காவுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். “இவ்வளவு ஜெபம் பண்ணோமே, கடவுளுக்குக் கேக்கலையா?” என்று என் மகள் கேட்டாள். ஒன்பது வயது. என்னிடம் கேட்கப் பயந்து உங்களிடம் கேட்டிருக்கிறாள். “எனக்கும் தெரியலடா, அவர்கிட்டயே கேட்போம்” என்று சொல்லி பைபிளில் 88ஆம் சங்கீதத்தைத் திறந்தீர்களாமே. மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் தேறிக்கொள்ளும். இது தேறாது, இருட்டிலேயே முடியும். ஆனாலும் “இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்” என்று அவரிடம்தான் பேசுகிறது. “இப்படியெல்லாம் பைபிள்ல இருக்கா அம்மா?” என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். அன்று ராத்திரிதான் நாங்கள் இருவரும் முதல்முறையாகச் சேர்ந்து அழுதோம்.

போதகர் ஐயாவுக்கு. அடக்க ஆராதனையில் “ஏன் என்று எனக்குத் தெரியாது” என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். அதற்குத் துணிச்சல் வேண்டும். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுததை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அப்புறம் வீட்டில் யோபுவை முழுதாகப் படித்தேன். அவனைச் சோதிக்கக் கடவுள் சாத்தானுக்கு அனுமதி கொடுத்தது, பரலோகத்தில் நடந்த அந்தப் பேச்சு, வாசிக்கிற நமக்கு முதல் இரண்டு அதிகாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. பாவம், யோபுவுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. 38ஆம் அதிகாரத்தில் கடவுள் வாயைத் திறந்தும் காரணம் சொல்லவில்லை, திருப்பிக் கேள்விதான் கேட்கிறார். ஆனால் தனக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்களைக் கடிந்துகொண்டு, யோபு பேசியதுதான் சரி என்கிறார். அவ்வளவு முறையிட்ட யோபு! அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. கேட்கலாம் என்பது மட்டும் தெரிந்தது. அந்த அளவில்தான் நம்புகிறேன், இன்றைக்கு அது போதும்.

அவருடைய போனில் மாத்திரை அலாரம் இன்னும் தினமும் ஒன்பது மணிக்கு அடிக்கிறது. நிறுத்தவில்லை. நாங்கள் ஜெபம் பண்ணுகிற நேரம் இப்போது அதுதான்.

ஒன்று மறந்துவிட்டேன். அடக்கத்தன்று வந்த யாரோ கறுப்புக் குடை ஒன்றை விட்டுப்போயிருக்கிறீர்கள், மரப்பிடி வைத்தது. கதவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.