குறுவள மையத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் குறுவள மையக் கூட்டம் எப்படி நடக்கும் என்று போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு காணொளி ஓடும், அப்புறம் 'கலந்துரையாடல்' என்பார்கள், வழக்கமாகப் பேசுகிற இரண்டு மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே டீ வருகிறதா என்று வாசலைப் பார்ப்போம். யாராவது என் வகுப்பில் இப்படி ஒரு சிக்கல் என்று வாயைத் திறந்தால் போச்சு, நாலாபக்கமும் அறிவுரை வரும், அவரும் தன் பக்க நியாயத்தைச் சொல்ல ஆரம்பிப்பார், பிள்ளையின் நோட்டை மட்டும் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் 1990களில் சில பள்ளிகள் சேர்ந்து உருவாக்கிய 'ட்யூனிங் புரோட்டோகால்' என்ற முறை ஒன்று உண்டு. பெயர்தான் பெரிசு. ஒருவர் தன் மாணவர் எழுதியதை முன்னால் வைத்துக் கொஞ்ச நேரம் விளக்குவார், மற்றவர்கள் சந்தேகம் மட்டும் கேட்கலாம். அதன்பிறகு அவர் வாய் திறக்காமல் குறிப்பெடுக்க வேண்டும், மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அவர் முறை கடைசியில்தான்.

எங்கள் பள்ளியில் நாங்கள் நாலு பேர் இதைச் சுருக்கிச் செய்து பார்த்தோம். என் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் கணக்கு நோட்டு. 52-லிருந்து 27 போனால் 35, 81-லிருந்து 46 போனால் 45 என்று போட்டிருந்தான். 'கடன் வாங்கத் தெரியவில்லை' என்று சொல்ல எல்லோருக்கும் நாக்கு துடித்தது. ஆனால் முதல் சுற்றில் கண்ணில் படுவதை மட்டும்தான் சொல்லலாம் என்று வைத்திருந்தோம். அப்போதுதான் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் டீச்சர் சொன்னார், மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரிய இலக்கத்திலிருந்துதான் சின்னதை எடுக்கிறான், ஒரு கணக்கில்கூட மாறவில்லை என்று. எனக்குச் சுருக்கென்றது. 'பெரிசிலிருந்து சின்னதைக் கழிக்கணும்' என்று வருஷம் முழுக்கச் சொன்னது நான்தானே! பேச விட்டிருந்தால், வீட்டில் கவனிப்பதில்லை என்று ஆரம்பித்திருப்பேன். சின்ன வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட மதிப்பீட்டில் அவனுக்கு 'அரும்பு', அதாவது தொடக்க நிலை, என்று போட்டிருந்தேன், ஏன் அரும்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குறுவள மையத்தில் ஒரு நாற்பது நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். ஐந்தாறு பேராகப் பிரிந்து உட்கார வேண்டும், கடிகாரத்தை இருப்பதிலேயே இளைய ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும், தலைமையாசிரியரே பேசினாலும் நேரமானால் அந்த இளையவர் நிறுத்தலாம். முதல் ஒன்றிரண்டு தடவை நாடகம் மாதிரிதான் இருக்கும், எங்களுக்கும் சிரிப்பு வந்தது, சரி, இருக்கட்டும். ஆனால் ஒன்று, அதிகாரிகள் தயவுசெய்து இதற்கும் ஒரு படிவம் அடித்து, கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றச் சொல்லிவிடாதீர்கள். நேரத்தை மட்டும் கொடுங்கள், நோட்டை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.