மாலுவுக்கு, அந்த பெல்ட் விஷயமாக

கும்பகோணம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாலு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அந்த நீலக் கவர் கண்ணில் படும், மனசு குத்தும். மன்னித்துக்கொள். உன் கையெழுத்து இன்னும் திருந்தவில்லை, மூன்றாம் பக்கத்தை நானும் கார்த்தியும் சேர்ந்து உட்கார்ந்துதான் படித்தோம். ஹேமா மிஸ் கையில் கிடைத்திருந்தால் பத்து தடவை எழுத வைத்திருப்பார்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கார்த்தி பத்தாவது போகிறான். ராஜேஸ்வரி பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம், உனக்கும் பத்திரிகை வரும்.

இன்றைக்கு விடாப்பிடியாக உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம், கடைசிப் பத்தியில் நீ கேட்டிருந்தாயே, மின்சாரம் பாய்ச்சியே தொப்பையைக் குறைக்கிறதாகச் சொல்கிற அந்த பெல்ட். "வயித்துல கட்டிக்கிட்டு படுத்தாப் போதுமாம், உனக்குத் தெரிஞ்சு யாராவது வாங்கியிருக்காங்களா" என்று. வாங்கியிருக்கிறார்கள் மாலு. எங்கள் அம்மாவே வாங்கிவிட்டாள், எனக்குத் தெரியாமல்.

மாசியில் தஞ்சாவூருக்கு செக்கப் போனபோது, கொஞ்சம் எடை குறைந்தால் முட்டிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா அதை மனசில் போட்டுக்கொண்டுவிட்டாள். நான் பள்ளிக்கூடம் போன பிறகு காலை பதினோரு மணிக்கு டிவியில் அரை மணி நேரம் ஓடுகிற விளம்பரத்தைத் தினமும் பார்த்திருக்கிறாள். அப்பா பென்ஷனிலிருந்து 2,999 ரூபாய், வாசலிலேயே பணத்தைக் கொடுத்து வாங்கி, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள்.

போன சனிக்கிழமை மத்தியானம் நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அம்மா கார்த்தியைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக் குடுடா, அம்மாகிட்ட சொல்லாத" என்றிருக்கிறாள். கறுப்புப் பட்டை, உள்பக்கம் ஒட்டிக்கொள்கிற மூன்று பேடு, நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மெஷின். கூடவே எட்டாக மடித்த ஒரு தாள், எள்ளு எள்ளாக இங்கிலீஷ் எழுத்து. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடப்போன பையன் பாதியில் நிறுத்திவிட்டு, "பாட்டி, உங்க நெஞ்சுல வச்சிருக்கிறது பேஸ்மேக்கர்தானே?" என்று கேட்டிருக்கிறான். அப்புறம் அவன் "அம்மா!" என்று போட்ட கூச்சலில் ஈரப் புடவை கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது.

பேஸ்மேக்கர் உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது. அந்தத் தாளின் பின்பக்கம், கடைசிக்கு முந்தின வரி.

டாக்டருக்கு உடனே போன் போட்டேன். பேஸ்மேக்கர் எந்நேரமும் இதயத்தின் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்குமாம், துடிப்பு வராவிட்டால்தான் அது துடிப்பைக் கொடுக்கும். வெளியிலிருந்து பாய்கிற மின்சாரத்தை இதயத்துடிப்பு என்று அது தப்பாக எடுத்துக்கொண்டால், கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்காமல் இருந்துவிடலாம் என்றார். எனக்குக் கை நடுக்கம் நிற்க ரொம்ப நேரம் ஆயிற்று. அம்மாவுக்கு 74 வயது. அந்த நாலு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவள் நீ, உனக்கு நான் என்ன சொல்ல.

மறுநாள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அந்த விளம்பரத்தை முழுசாகப் பார்த்தேன். இளைக்கலாம், வலியே இல்லை, சமைத்துக்கொண்டே கட்டிக்கொள்ளலாம், எல்லாம் நல்ல தமிழில், கணீரென்ற குரலில். அடியில் ஒரு வரி ஓடுகிறது, உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்தால்தான் பலன் என்று. அது மட்டும் இங்கிலீஷில், நான் கண்ணாடி போட்டும் படிக்க முடியாத சைஸில். ஆசை காட்டுவது தமிழில், எச்சரிப்பது இங்கிலீஷில். இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பேஸ்மேக்கர் என்ற வார்த்தை அந்த அரை மணி நேரத்தில் ஒரு இடத்தில்கூட வரவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்து மூன்று ராத்திரி இதையே தேடித் தேடிப் படித்தேன். இது புதுசே இல்லை மாலு. அமெரிக்காவில் 2002லேயே இதே மாதிரி மூன்று வயிற்று பெல்ட்டுகள் மேல் அரசாங்கத்தின் வணிக ஆணையம் வழக்குப் போட்டது. பத்து நிமிஷம் கட்டினால் 600 தடவை படுத்து எழுந்ததற்குச் சமம் என்று அங்கே விளம்பரம் செய்திருக்கிறார்கள். யார் யார் கட்டக் கூடாது என்பதை விளம்பரத்தில் சொல்லாததும் அந்த வழக்கில் ஒரு குற்றச்சாட்டு. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதே சரக்கு, அதே பேச்சு, நம் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால்.

அந்த மின்சாரம் பொய்யில்லை. பிசியோதெரபியில் பலமிழந்த தசைக்கு இதே வகை மின்சாரம் கொடுக்கிறார்கள், தசை சுருங்கும், கொஞ்சம் வலுவும் பெறும். ஆனால் அதற்கு மேலே இருக்கிற கொழுப்பு அதனால் கரையாது. நம் விலங்கியல் வகுப்பை ஞாபகப்படுத்திக்கொள். உடம்புக்குச் சக்தி தேவைப்பட்டால் கொழுப்பு எல்லா இடத்திலிருந்தும் ரத்தத்துக்கு வரும், எந்தத் தசை ஆடுகிறதோ அதன் மேலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளாது. 1984இல் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 27 நாளில் ஆளுக்கு 5,004 தடவை படுத்து எழ வைத்து, வயிறு, முதுகு, பிட்டம் மூன்று இடத்திலும் கொழுப்பு செல்லை எடுத்து அளந்தார்கள். வயிற்றில் மட்டும் தனியாக ஒன்றும் குறையவில்லை. டென்னிஸ் ஆடுகிறவர்களின் இரண்டு கையையும் 1971இல் அளந்திருக்கிறார்கள், வருஷக்கணக்காக மட்டை பிடித்த கையிலும் தோலுக்கடியில் கொழுப்பு மற்றக் கையளவுதான். வேர்வையைச் சிந்தி ஆடியவர்களுக்கே இப்படி என்றால், படுத்துக்கொண்டு பட்டை கட்டினால் எப்படி?

நீ எழுதியிருந்த அந்த இன்னொன்று, வேர்க்க வைக்கிற பெல்ட், அதுவும் வேண்டாம். அதில் குறைவது தண்ணீர். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பு என்பது கிட்டத்தட்ட 7,700 கலோரி, அது வேர்வையில் போகாது.

வசந்தி துபாயிலிருந்து கொண்டுவந்து காட்டினாளே, படகு மாதிரி அடி வளைந்த ஷூ, நடந்தாலே தொடை இறுகும் என்று? அப்படிப்பட்ட ஷூவை விற்ற ஸ்கெச்சர்ஸ் கம்பெனி 2012இல் 4 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்கு முந்தின வருஷம் ரீபாக் 2.5 கோடி டாலர். எத்தனை சதவீதம் தசை வலுவாகும் என்று ரீபாக் எண் போட்டே விற்றது. வசந்தியிடம் சொல்லாதே, பாவம், ஆசையாக வாங்கினாள்.

ஆசையாக வாங்கினது என்றதும் அம்மா ஞாபகம்தான் வருகிறது. அன்றைக்கு நான் கத்திவிட்டேன். சாயங்காலம் வரை ஒன்றும் பேசாமல் இருந்தவள், விளக்கேற்றிவிட்டு வந்து சொன்னாள்: "நடந்தா இளைக்கும்ங்கிறீங்க. வலியோட எப்படிடி நடக்கிறது? அவன்தான் படுத்துக்கிட்டே இளைக்கலாம்னான்." எனக்குப் பதில் வரவில்லை. நடக்க முடிகிறவர்கள் யாரும் அந்தப் பதினோரு மணி விளம்பரத்தைப் பார்க்க உட்காருவதில்லை மாலு. முட்டி தேய்ந்தவர்கள், பிள்ளை பெற்ற உடம்போடு வெளியே போகக் கூச்சப்படுகிறவர்கள், இவர்களைப் பார்த்துத்தான் அது பேசுகிறது.

பெட்டியில் இருந்த நம்பருக்குப் பேசினேன். பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். சரி என்று 1915க்குப் போன் செய்தேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு புகார் எண் கொடுத்தார்கள். 2019ஆம் வருஷச் சட்டத்தில், ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் நடிப்பவர்களுக்கும் உண்டு. 2022இல் மத்திய அரசு கொண்டுவந்த வழிமுறைகளில் ஒரு விதி இருக்கிறது: விளம்பரத்தில் ஒரு விஷயத்தை எந்த மொழியில் சொல்கிறார்களோ அதே மொழியில், அதே எழுத்து வடிவில்தான் அதற்கான நிபந்தனையும் இருக்க வேண்டும். இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் விரிவாக ஒரு புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். பணம் வருமோ வராதோ, அந்த வரி தமிழில் ஓடியாக வேண்டும்.

அம்மாவை இப்போது பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறேன். முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்த வேண்டும், ஐந்து எண்ணி விட வேண்டும். அம்மா எண்ணுவது தெரு முனை வரைக்கும் கேட்கிறது. கார்த்தியிடம் இன்னும் பேசவில்லை, காட்டிக்கொடுத்துவிட்டானாம்.

நீ அந்த பெல்ட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் நாளைக்கே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடு. அப்புறம், நீ அதை எந்த சேனலில், எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று ஒரு வரி எழுது. இந்த முறை நீ இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளாதே, புகாரில் சேர்க்க வேண்டும். உனக்கென்று மாவடு போட்டு வைத்திருக்கிறாள் அம்மா. ராஜேஸ்வரி வீட்டுக் கல்யாணத்துக்கு வரும்போது வாங்கிக்கொண்டு போ.

அன்புடன்,
சுந்தரி