பழைய மாருதி வாங்கும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சின்னக் கார்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாருதி 800 மீது எழுதியவருக்கு இருக்கும் பாசம் எனக்கும் உண்டு. ஆனால், "வாங்குவதென்றால் கார்பரேட்டர் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், எந்த ஊர் மெக்கானிக்கும் சரிசெய்துவிடுவார், சென்சார் தொல்லை இல்லை" என்று அவர் சொல்லியிருப்பதை அப்படியே விட மனம் வரவில்லை. நான் மேட்டுப்பாளையத்தில் கார் பட்டறை வைத்திருப்பவன். இந்த யோசனையைக் கேட்டு வண்டி வாங்கியவர்கள், மலை ஏற முடியாமல் திரும்பி வந்து நிற்பது எங்களிடம்தான்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரைக் குறைத்துப் பேச மாட்டேன். நான் தொழில் பழகியதே அதில்தான். 1983 டிசம்பரில் டெல்லியில் முதல் மாருதி 800 விற்பனைக்கு வந்தபோது, 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு மேலே உட்கார்ந்திருந்தது கார்பரேட்டர்தான். பிற்பாடு மாருதிக்கான மிகுனி கார்பரேட்டரை நம் மறைமலைநகரிலேயே யூகால் கம்பெனி செய்து கொடுத்தது. ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் பெட்ரோலும் இருந்தால் போதும், ரோட்டோரத்திலேயே கழற்றி, பெட்ரோல் வரும் சின்ன ஓட்டையுள்ள ஜெட்டை ஊதிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடலாம். பேட்டரி படுத்துவிட்டால் நாலு பேர் தள்ளினால் போதும். கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்கு பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டியில் அது நடக்காது. பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஓடாது, பெட்ரோல் வராது. கட்டுரையாளர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் கார்பரேட்டருக்குத் தான் இருக்கும் இடம் தெரியாது. அதன் தொண்டை வழியாகக் காற்று போகிற வேகத்துக்கு பெட்ரோலை உறிஞ்சிவிடும், அவ்வளவுதான். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் அடி. ஊட்டி ஏழாயிரத்து முந்நூறு அடிக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெட்ரோல் மட்டும் அந்தக் கணக்குக்குக் குறையாது. குன்னூர் தாண்டியதும் இழுவை விழும், பிளக் கரி பிடிக்கும், சைலன்ஸரில் பெட்ரோல் வாடை அடிக்கும். சீசனில் பர்லியாரிலிருந்து வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது இன்னொரு தொல்லை. பழைய 800-இல் பெட்ரோல் பம்ப் என்ஜினை ஒட்டியே இருக்கிறது. முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து சூடேறியதும் பைப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி, வண்டி நின்றுவிடும். குழந்தை குட்டிகளோடு வந்த குடும்பம் கொண்டை ஊசி வளைவில் இறங்கி நின்று, பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பதை ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிறேன்.

இன்ஜெக்ஷன் வண்டியில் மேனிஃபோல்டு (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது. மேலே ஏற ஏற அது சொல்லும் கணக்குக்கு ஏற்ப கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். பம்ப் டேங்குக்குள் இருந்து அழுத்தி அனுப்புவதால் பைப்பில் ஆவியாவதும் அபூர்வம்.

சரி, மலைக்குப் போகாதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் பெட்ரோல் மாறிவிட்டதே. இன்று பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு சுமார் 13.5 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் கேட்கும். ஜெட்டின் ஓட்டை எண்பதுகளில் போட்ட அளவு. அது பெரிதாகாது. அதனால் என்ஜினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைந்து, அதாவது கலவை மெலிந்து, காலையில் ஸ்டார்ட்டிங் கஷ்டம், பிக்கப்பில் தயக்கம், என்ஜின் சூடு என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். புகைக் குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்ஷன் வண்டி புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்த்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்கிறது. எத்தனாலில் சத்தே குறைவு என்பதால் அதிலும் மைலேஜ் குறையும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் வண்டி திணறாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஊட்டிக்காரர்களின் கார்பரேட்டர் வண்டியில் உயரத்தால் பெட்ரோல் மிகுந்து கொழுக்கும் கலவையும் எத்தனாலால் மெலியும் கலவையும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். மேலே ஜம்மென்று ஓடும். கோயம்புத்தூருக்கு இறங்கியதும், "அண்ணா, ஊட்டில நல்லாத்தானுங்க இருந்துச்சு, இங்க வந்ததும் அடிச்சு அடிச்சு நிக்குதுங்க" என்று வருவார்கள். வண்டியில் பழுது எதுவும் இருக்காது.

பழுது வருவது வேறு வழியில். போன மழைக்காலத்தில் ஒரு தொண்ணூறுகளின் 800 வந்தது. சில மாதம் ஷெட்டில் நின்ற வண்டி. கார்பரேட்டரின் மேல் மூடியைக் கழற்றினால், பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரின் அடியில் உப்புப் பூத்ததுபோல வெள்ளைத் தூள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஈரம் அலாயை அரிக்கும். பெட்ரோலைத் திறந்து மூடும் ஊசி வால்வின் ரப்பர் முனை ஊதிப்போய் சீட்டில் சரியாக உட்காரவில்லை. பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகி மேனிஃபோல்டுக்குள் வழிந்திருந்தது. ஆக்ஸிலரேட்டர் பம்பின் டயாஃப்ரம் என்ற சவ்வு விறைத்துப்போய் விரலால் மடக்கியதும் விரிசல் விட்டது. பெட்ரோல் ஹோஸைக் கிள்ளினால் கையில் கருப்பு ஒட்டுகிறது. சூடான என்ஜின் மேல் அந்த ஹோஸ் கசிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றை மாற்றலாமே என்றால், நல்ல ரிப்பேர் கிட் கிடைப்பதே அரிதாகிவிட்டது. கடையில் கிடைப்பவற்றில் நிறைய போலி. கேஸ்கெட்டின் ஓட்டை கூடப் பொருந்தாது. "எந்த ஊர் மெக்கானிக்கும் சரிசெய்வார்" என்பதும் பழைய கதை. கார்பரேட்டர் டியூனிங்கைக் காதால் கேட்டுச் செய்த தலைமுறை ஓய்ந்துகொண்டிருக்கிறது. 2020-இல் பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6) மாசு விதி வந்த பிறகு பைக்கிலும் பெரும்பாலும் இன்ஜெக்ஷன்தான். என்னிடம் வேலை பழகும் பையனுக்கு வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் நன்றாக வரும், ஃப்ளோட் மட்டம் பார்க்க வராது. அது அவன் தவறு அல்ல.

இன்ஜெக்ஷன் வண்டி என்றாலே பெரிய தொல்லை என்று பயப்பட வேண்டாம். பழைய எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்ஷன்) 800-இல் கம்ப்யூட்டர் கெட்டுப்போவது குறைவு. எர்த் வயர் துருப்பிடித்திருக்கும், கப்ளரில் பச்சை பூத்திருக்கும், ஐடிலிங் (வண்டி நிற்கையில் என்ஜின் மெதுவாக ஓடுவது) வால்வில் கரி அடைந்திருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். பெரிய செலவு வைப்பது பெட்ரோல் பம்ப்தான். அதையும் பாதி நாம்தான் கெடுக்கிறோம். பம்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் சூடாகிச் சாகும். கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2000-ஐ ஒட்டி மாசு விதிகள் இறுகியபோதுதான் 800-க்கு எம்.பி.எஃப்.ஐ. வந்தது. ஆனால் அந்தச் சமயத்தில் இரண்டு வகையும் ஓடியதால் ஆர்.சி.யில் உள்ள வருடத்தை மட்டும் நம்ப வேண்டாம். டேஷ்போர்டில் இழுக்கிற சோக் குமிழ் இருந்தால் அது கார்பரேட்டர் வண்டி. பானெட்டைத் திறந்து, இன்ஜெக்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். புகைச் சோதனையைப் பேரம் பேசும் முன்பே எடுத்துவிடுங்கள். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதம் வரை விடுகிறார்கள்; ஸ்டேஜ் 2, 3 வண்டிகளுக்கு 0.5 சதவீதம்தான்.

ஏற்கெனவே கார்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களை வண்டியை விற்றுவிடச் சொல்லவில்லை. அப்பா வாங்கிய முதல் கார் என்று வைத்திருக்கிறார்கள், அதைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர்களுக்காகத்தான் உங்கள் வழியாக ஒரு கோரிக்கை. 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே, பழைய வண்டிகளின் பாதுகாப்புக்காக 10 சதவீதக் கலவை தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்து பங்குகளில் அதற்கென்று ஒரு பம்பை நான் பார்த்ததில்லை. தாலுகாவுக்கு ஒரு பங்கிலாவது அதைத் தனியாக வைக்க வேண்டும். எல்லா பம்பிலும் எத்தனை சதவீதம் எத்தனால் என்று தமிழில், கண்ணில் படுகிற அளவில் எழுத வேண்டும். இதை எண்ணெய் நிறுவனங்களிடமும் மத்திய அரசிடமும் உங்கள் நாளிதழ் கேட்டு எழுத வேண்டும்.

அதுவரை, கார்பரேட்டர் வண்டிக்காரர்கள் எத்தனாலைத் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், டேங்கிலிருந்து பம்புக்கு வரும் பெட்ரோல் லைனைக் கழற்றி அடைத்துவிட்டு, கார்பரேட்டரில் உள்ளது தீரும் வரை ஓடவிட்டு அணையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்,
மேட்டுப்பாளையம்.