அடியில் ஒரு ஓட்டை

அக்கரைப்பேட்டை,
28 மே 2024

அன்புள்ள மாப்ளைக்கு,

"நம்ம மீன்பிடி போட்டோட டீசல் டேங்க் வேலை என்னாச்சு?" என்று போனில் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சிங்கப்பூர் துவாஸ் கப்பல் பட்டறை இரைச்சலில் இதையெல்லாம் சொல்லவும் முடியாது. அதனால்தான் கடிதம். உன் அம்மா சுகமாக இருக்கிறார்கள். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஊசியில் நூல் கோர்க்கிறார்கள், கண்ணாடி இல்லாமல்! என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள். அவள் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.

சரி, போட்டு விஷயம். மார்ச் கடைசியில் கோடியக்கரைக்குக் கிழக்கே மடிவலை இழுத்துக்கொண்டிருந்தோம். எஞ்சின் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக, ஆஸ்துமாக்காரர் படி ஏறுகிற மாதிரி. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்பாகக் கொழகொழவென்று ஏதோ. மாற்றினோம், இரண்டு மணி நேரத்தில் மறுபடி அதே கதை. கையில் இருந்த மூன்றும் தீர்ந்ததும் பழசையே டீசலில் அலசிப் போட்டு எப்படியோ கரை சேர்ந்தோம். பம்பைப் பிரிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். நானும் தலையாட்டிவிட்டேன். நல்லவேளையாகத் தம்பிதான் அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தான். கட்டிப்போட்ட போட்டில், ஒரே ராத்திரியில், ஒரு விரற்கடை டீசல் குறைந்திருந்தது. எஞ்சின் ரூம் அடித் தண்ணீரில் வண்ண வண்ணமாக எண்ணெய் மிதந்தது.

2006-இல் அந்த டேங்கை வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சுனாமிக்கு அப்புறம் கட்டின போட்டு. போட்டின் விலா மரமான வங்குக்கால் முடிந்த கையோடு 2,000 லிட்டர் டேங்கை இறக்கிவிட்டு, அதற்கு மேல்தான் டெக் பலகை அடித்தோம். அதாவது, வெளியே எடுக்க வழியே வைக்காமல் மூடினோம். கீழே மரக்கட்டை, கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் ஷீட். அதிராமல் இருக்கும் என்று அப்பா போட்டது. பக்கத்தில் ஐஸ் பெட்டி. அதில் உருகி வந்த உப்பும் மீன் தண்ணீரும் பதினெட்டு வருஷமாக அந்த ரப்பருக்குள் புகுந்து, காயாமலே இருந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் தட்டினால் டங் என்கிறது. ரப்பர் இருந்த இடம் மட்டும் அப்பளம். பேனா முனை நுழைகிற ஓட்டை பதினொன்று எண்ணினேன்.

உள்பக்கம் வேறு விதமாகக் கெட்டிருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டு சும்மா கிடக்கும்போது நம்மில் யார் டேங்கை நிரப்பி வைக்கிறோம்? கையில் காசு இருக்காது, கால் டேங்கோடு விட்டுவிடுவோம். மேலே காலியாக இருக்கிற இடத்தில் காற்று. ராத்திரி தகடு குளிர்ந்ததும் அந்தக் காற்றில் இருக்கும் ஈரம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக அடியில் சேர்கிறது. தண்ணீர் கனம், டீசல் அதன் மேல் மிதக்கும். இரண்டும் தொடுகிற இடத்தில்தான் ஒரு கிருமி வளர்ந்து, ஃபில்டரில் பார்த்த அந்தக் கறுப்புச் சளியாகிறது. தடைக்காலம் முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். வருஷா வருஷம் இரண்டு மாதம் அந்தக் கிருமிக்கு நாமே பண்ணை வைத்துக் கொடுத்திருக்கிறோம். மீன் பெருகட்டும் என்று விட்ட நாளில் இதுவும் பெருகியிருக்கிறது!

ஏப்ரல் 15 தடை தொடங்கியதும் போட்டைக் கடுவையாற்றுக் கரையில் ஏற்றினோம். பட்டறைக்காரர் கேஸ் கட்டரோடு வந்து நின்றார். "காலி டேங்க்தானே, அரை நாள் வேலை" என்றார். உனக்குப் போன் போட்டதும், நீ கத்தினதும் அப்போதுதான். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குதான் ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும் என்றாய். போதாததற்கு எண்ணெய் குடித்து ஊறின மரம் சுற்றிலும். மிச்ச டீசலை டிரம்மில் இறைத்து, சோப்புத்தூள் கரைத்து நாலு தடவை கழுவினோம். அப்புறம் நெருப்புப் பொறி எதுவும் வேண்டாம் என்று கையால் இழுக்கிற இரும்பு ரம்பம்தான். அரை நாள் என்ற வேலை நாலு நாள் ஆனது. தம்பியின் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

மூன்றாவது நாள், டேங்குக்குள் இருந்த தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் என்ன கிடந்தது தெரியுமா? உன் பதினேழு நம்பர் ரிங் ஸ்பேனர். தம்பிதான் திருடி விற்றுவிட்டான் என்று 2006-இல் தெருவே கேட்கச் சண்டை போட்டாயே, அதே ஸ்பேனர். மூடியை முடுக்கும்போது நீயேதான் உள்ளே போட்டிருக்கிறாய். தம்பி அதை வீட்டு வாசலில் தொங்கவிட்டிருக்கிறான், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கதை சொல்கிறான்.

புது டேங்குக்கு டெக்கை உடைக்க மனம் வரவில்லை. எஞ்சினை இறக்குகிற வாய் நாலுக்கு மூன்றடி இருக்கிறது, அதில் நுழைகிற அளவில் இரண்டாகச் செய்யச் சொன்னேன். ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். கன அடிக்கு 28.3 லிட்டர் வைத்தால் ஒன்று 885. இரண்டும் சேர்த்து 1,770. பழசைவிட 230 லிட்டர் குறைவு, நம் எஞ்சினுக்குப் பதினோரு மணி நேர ஓட்டம். அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. கடைக்காரர் துத்தநாகம் பூசின ஜிஐ தகடு போட்டால் துருவே பிடிக்காது என்றார். துத்தநாகம் டீசலோடு சேர்ந்தால் ஃபில்டரை அடைக்கும் என்று நீ சொன்னதைச் சொன்னேன், அவர் முகம் சுருங்கிவிட்டது. எவர்சில்வர் விலைக்கு இன்னொரு மடியே வாங்கலாம். கடைசியில் சாதா இரும்புதான், 5 மில்லிமீட்டர். வெளியே எபாக்ஸி பெயிண்ட், உள்ளே பெயிண்டே இல்லை.

இந்தத் தடவை ரப்பரும் இல்லை, சாக்கும் இல்லை. கால் வைத்து மூன்று அங்குலம் தூக்கியிருக்கிறது. அடியில் கையை விட்டுத் துடைக்கலாம், டார்ச் அடித்துப் பார்க்கலாம். அடித்தகடு போட்டின் பின்பக்கமான அமரம் பக்கம் சரிவாக, சரிவு முடிகிற இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு வால்வு. ஆமாம், நீ அன்றைக்குக் கெஞ்சின அதே வால்வு. "அடியில் ஓட்டை போட்டுவிட்டு அதற்கு மூடி வேறயா?" என்று உன்னைத் துரத்தினாரே அப்பா, அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டினேன். தடவிப் பார்த்தார், திறந்து மூடினார். "இதை அப்பவே வச்சிருக்கலாமேடா" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஒழுகலைச் சோதிக்கப் பட்டறைக்காரர் கம்ப்ரசரை மாட்டப் போனார். தட்டைத் தகடு ஊதிப்போகும் என்று தடுத்துவிட்டேன். மேல் வாயில் ஏழடிக் குழாயை நிறுத்தி, குழாய் நுனி வரைக்கும் தண்ணீர் ஊற்றினோம். அதுவே மூன்று பவுண்டு அழுத்தம். ஒரு மூலையில் மட்டும் கசிந்தது, மறுபடி வெல்டிங் வைத்து, காயவைத்து, ஏற்றிவிட்டோம்.

என் முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து மிச்ச டீசல் திரும்பி வருகிற குழாயை இடது டேங்கோடு மட்டும் இணைத்திருந்தேன். போன வாரம் ஆற்றிலேயே ஓட்டிப் பார்த்தோம். வலது டேங்கிலிருந்து இழுக்கிறது, இடதில் திரும்புகிறது. இடதோ வாய் வரை நிரம்பியிருந்தது. காற்றுக் குழாய் வழியாக டெக்கில் ஊற்று! இப்போது திரும்புகிற குழாய்க்கும் இரண்டு பக்கமும் வால்வு, எதிலிருந்து இழுக்கிறோமோ அதிலேயே திரும்பும். வால்வுக் கைப்பிடிகளில் இடதுக்குச் சிவப்பு, வலதுக்குப் பச்சை அடித்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துத் திறந்துவிட்டால் போட்டு சாய்கிற பக்கம் எல்லாம் ஓடிவிடும் என்று பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்பார்களா என்பது வேறு.

ஜூன் 14 நள்ளிரவு தடை முடிகிறது. மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று வாகாக இருந்தால் விடிவதற்குள் முகத்துவாரம் தாண்டிவிடுவோம். அங்கிருந்து யாராவது ஊருக்கு வந்தால், தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் ஒன்று கொடுத்தனுப்பு, அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ளதாக. ஸ்பேனர் எதுவும் வாங்காதே, உன்னுடையது தம்பி வீட்டு வாசலில் இருக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்