நம்ம ரப்பர் விளையில பக்கிக் குருவி முட்டை வச்சிருக்கு

மக்ளே, நல்லாருக்கியா, நேரத்துக்கு சாப்பிடுறியா. போன்ல சொன்னா ஆபீஸ்ல இருக்கேன்னு வச்சிருவ, அதான் டைப் பண்ணி அனுப்புறேன், பைய இருந்து படி.

சின்னதுல ராத்திரி நம்ம ரப்பர் விளைக்குள்ள இருந்து சக்கு சக்கு சக்குன்னு, பலகையில சுத்தியல் வச்சு தட்டுற மாதிரி ஒரு சத்தம் கேக்கும்லா, நீ பயந்து என்னைக் கெட்டிப்பிடிச்சிட்டு படுப்ப. நான் அது சாவுக்குருவி, பேசாம ஒறங்குன்னு சொல்லிருவேன். ஆச்சி எனக்கு சொன்னது, நான் உனக்கு சொன்னேன். அது தப்பு மக்ளே, அந்தப் பாவத்த நான் கையெட்டுற தூரத்துல பாத்துட்டேன்.

மாசி கடைசியில எல கொட்டிச்சு, இப்ப தளிர் விட்டாச்சு, பால்வெட்டு இல்ல. சும்மா இருக்க முடியாம மரத்து மூட்டுல கெடந்த களைக்காட்ட வெட்டப் போனேன். மூணாவது வரிசையில ஒரு மூட்டுப் பக்கத்துல கால வைக்கப் போறேன், சருகு அசையுது. பாம்புன்னு நெனச்சு ரெண்டடி பின்னால போயிட்டேன். பாத்தா ஒரு குருவி, றெக்கைய ஒருபக்கம் தொங்கப் போட்டு ஒடஞ்ச மாதிரி தரையில தத்தித் தத்திப் போவுது. அடிபட்டுருக்குன்னு நானும் பின்னால போறேன், கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போயி நல்லா பறந்து போச்சு. அப்புறந்தான் வெளங்கிச்சு, எங்கிட்ட இருந்து எதையோ மறைக்குதுன்னு. திரும்பி வந்து தேடினா வெறும் சருகு மேல ரெண்டு முட்டை. கூடு கெடையாது, ஒரு குச்சி கூட எடுத்து வைக்கல. இன்னும் ஒரு அடி வச்சிருந்தா சவுட்டிருப்பேன், அத நெனச்சா இப்பவும் நெஞ்சு படபடக்கு.

கத்திய அப்பவே போட்டுட்டு வந்துட்டேன். மறுநாள் தள்ளி ஒரு மூட்டுல சாஞ்சு இருந்து பாத்தேன். ஒரு சாணுக்கு கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். ஒடம்பு பூரா காஞ்ச எல, பட்ட, சாம்பல், எல்லா நெறமும் பொடிப்பொடியா கலந்து வச்ச மாதிரி. எங்க இருக்குன்னு தெரிஞ்சு பாத்தாலே கண்ணுக்கு அகப்பட மாட்டேங்குது. பகல்ல கண்ண கோடு மாதிரி ஒடுக்கி வச்சிட்டு கல்லு மாதிரி இருக்கு. கால் ரெண்டும் குட்டி, நடக்காம அப்படியே அடங்கிக் கெடக்கு. அலகு பாத்தா இத்துனூண்டு, ஆனா வாயத் தொறந்தா தவள வாய் மாதிரி அகலம், சுத்தி மீசை மாதிரி மயிரு வேற. கருக்கல்ல சத்தமே இல்லாம பறந்து விட்டில், வண்டு, ஈசல்னு பறக்குறத எல்லாம் அந்த வாய்க்குள்ள வாங்கிருமாம். பக்கின்னு பேராம், பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னாங்க. அதுக்க சயின்ஸ் பேரு காப்ரிமுல்கஸ், ஆட்டுப்பால் குடிக்கிறதுன்னு அர்த்தமாம், அந்தக் காலத்துல வெள்ளக்காரங்க ராத்திரி வந்து ஆட்டு மடியில பால் உறிஞ்சும்னு நம்பிருக்காங்க. ஆடு நிக்கிற எடத்துல பூச்சி பறக்கும், அதப் பிடிக்க வந்திருக்கும், அதுக்குப் போயி இப்படி ஒரு பேரு. ஆச்சி சாவுக்குருவின்னாங்க, வெள்ளக்காரங்க பால் திருடின்னாங்க. ராத்திரி வெளிய வாறதுக்கெல்லாம் எல்லா ஊர்லயும் இந்த கெதிதான் போல.

இன்னொண்ணு கேளு. விடியக்காலம் மூணு மணிக்கு ஹெட்லைட்ட தலையில கெட்டிட்டு பால்வெட்டப் போவும்போது பாதையில செவப்பா ஒரு கண்ணு மின்னும், கிட்ட போனா காணாது. இத்தன வருஷமும் மரநாய்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். நேத்து ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தேன், அது இதுதான் மக்ளே! தீக்கங்கு மாதிரி இருக்கு கண்ணு, உள்ளுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்காம், வெளிச்சம் பட்டா திருப்பி அடிக்கும்.

அப்பா கிட்ட சொல்லி அந்த மூட்ட சுத்தி காடு வெட்ட வேண்டாம்னு கயிறு கெட்டி வச்சிருக்கேன். அவரு ஒண்ணும் சொல்லல, நாயத்தான் ராத்திரியில கெட்டிப் போட்டுட்டாரு.

சித்திரை விசுவுக்கு நீ வரும்போது குஞ்சு வந்திருக்கும்னு நெனக்கேன். நீ எப்பவும் நாகர்கோவில்ல எறங்கி பைக் எடுத்துட்டு ராத்திரியில பறந்து வருவ. அது ராத்திரி ரோட்டு மேல வந்து இருக்கும் மக்ளே, தார் சூட்டுக்கோ பூச்சிக்கோ தெரியாது, லைட் அடிச்சா கண்ணு கூசி கடைசி வர அசையாது, அப்படியே வண்டியில அடிபட்டுச் சாவும். குலசேகரம் தாண்டி நம்ம ரோட்டுக்குத் திரும்புன பிறகு பைய வா. தூரத்துல செவப்பு தெரிஞ்சா ஹெட்லைட்ட கொறச்சு நிறுத்தி, அது எந்திச்சுப் போன பிறகு எடு. எத்தன மணி ஆனாலும் நான் முக்குல டார்ச்சோட நிப்பேன். வாறதுக்கு முன்ன ஒரு போன் பண்ணு.

அம்மா