சுடுதளத்து மண்ணையும் சோதியுங்கள்: பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகளுக்கு, வணக்கம்.

படை ஒத்திகைக்கும் பீரங்கிப் பயிற்சிக்கும் நிலத்தை ஒதுக்கும் 1938ஆம் ஆண்டுச் சட்டம், ஒத்திகைக்குச் செல்லும் படையோடு ஒரு வருவாய் அலுவலரையும் அனுப்பச் சொல்கிறது. சேதத்தை நேரில் பார்த்து, இழப்பீட்டை அங்கேயே கையில் கொடுக்க வேண்டியவர் அவர். வெள்ளைக்காரர் காலத்துச் சட்டத்தில் இத்தனை கரிசனமா என்று வியப்பாக இருந்தது. ஆனால் மிதிபட்ட பயிரும் சரிந்த வரப்பும்தான் அன்றைக்கே கண்ணில் படும். மண்ணுக்கு நேர்ந்தது படாது.

தோட்டாவின் உட்பகுதி பெரும்பாலும் ஈயம். சுடுதளத்தில் குண்டுகளைத் தாங்கும் மண்மேட்டைக் கிளறிப் பாருங்கள். நசுங்கிய ஈயத் துண்டுகள் வெண்பொருக்குப் பூத்துக் கிடக்கும். மழையில் கரைந்து மண்ணில் இறங்குவது அந்தப் பொருக்குதான். அமில மண்ணில் இன்னும் எளிதாக இறங்கும். பீரங்கிக் குண்டின் வெடிமருந்தில் டி.என்.டி. பெரும்பாலும் மேல்மண்ணைப் பற்றிக்கொள்கிறது, ஆர்.டி.எக்ஸ். நீரோடு கீழே போய்விடுகிறது. அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் குடிநீருக்கே ஆபத்து என்று எட்வர்ட்ஸ் முகாமின் சுடுபயிற்சியை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 1997இல் நிறுத்தியது. நிறுத்தப்பட்டது தன் நாட்டுப் படையின் பயிற்சி என்பதைக் கவனியுங்கள். டாங்கி திரும்பும் இடங்களில் மண் இறுகி, நீர் இறங்காமல் தேங்குவது தனி.

ஜார்க்கண்டின் நேதர்ஹாட் பீடபூமியில் பழங்குடி மக்கள் 1994இல் படையை மறித்த பிறகு பீரங்கிப் பயிற்சி நின்றது; நிலத்தைப் பயிற்சிக்கு ஒதுக்கும் அறிவிக்கையை இனி நீட்டிப்பதில்லை என்று மாநில அரசு முடிவெடுத்தது 2022இல். நிலம் காகிதத்தில் விடுபட்டுவிட்டது. மண்ணைச் சோதித்துத் திருப்பித் தரும் கடமையை அந்தச் சட்டம் யார்மீதும் சுமத்தவில்லை. உழவர் தாமே சோதித்துக்கொள்ளட்டும் என்பீர்களா? அரசு தரும் மண்வள அட்டையில் 12 அளவுகள் உண்டு, துத்தநாகமும் போரானும்கூட. ஈயம் இல்லை.

பயிற்சியே கூடாது என்று நான் கேட்கவில்லை. சுடத் தெரியாத படையால் யாருக்கும் பயனில்லை. சட்டத்தைத் திருத்துங்கள். பயிற்சி தொடங்கும் முன்பும், அறிவிக்கைக் காலம் முடிந்த பின்பும் அதே இடங்களில் மண் மாதிரி எடுக்கப்பட வேண்டும். ஈயம், தோட்டா ஈயத்தைக் கடினமாக்கச் சேர்க்கும் ஆன்டிமனி, வெடிமருந்து எச்சம் மூன்றையும் பார்க்க வேண்டும். முடிவு அந்தந்த ஊராட்சிக்கு அதன் மொழியில் போக வேண்டும். ஈயத்தைச் சலித்தெடுக்கும் செலவு, தோட்டா வாங்கும் கணக்கிலேயே சேரட்டும்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்