கேம் பாய் அச்சுப் படங்களை லேமினேட் செய்ய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய மின்னணு விளையாட்டுக் கருவிகளைப் பேணுவது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அலமாரியின் மேல்தட்டில் ஆண்டுக்கணக்கில் தூசு படிந்து கிடந்த பெட்டிகளைப் பலரும் கீழே இறக்கிப் பார்க்க அது தூண்டியிருக்கும் என்பதில் ஐயமில்லை. அதனாலேயே இக்கடிதத்தை அவசரமாக எழுதுகிறேன். கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியோடு இணையும் கேம் பாய் பிரிண்டரில் அச்சான படங்களின் மை மங்கிவிடாமல் இருக்க அவற்றை லேமினேட் செய்து வைக்கலாம் என்று அக்கட்டுரை போகிற போக்கில் ஓர் அறிவுரை சொல்கிறது. அந்தப் படங்களில் மை என்று ஒன்று கிடையவே கிடையாது. லேமினேஷன் இயந்திரத்துக்குள் நுழைந்தால் அவை முழுக்கக் கறுத்துத்தான் வெளியே வரும். சில ஆண்டுகளுக்கு முன் இதே காரியத்தைச் செய்து, திரும்பக் கிடைக்காத ஒரு படத்தைத் தொலைத்தவன் நான்.

நின்டென்டோ நிறுவனம் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட இந்தச் சிறு அச்சுப்பொறி, ஜப்பானில் பாக்கெட் பிரிண்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இரண்டு கேம் பாய்களை இணைத்து விளையாடுவதற்கென்று கருவியின் பக்கவாட்டில் இருக்கும் அதே துளையில்தான் இதன் கேபிளும் சொருகப்படும். உள்ளே 38 மில்லிமீட்டர் அகலமுள்ள காகிதச் சுருள் இருக்கும். அதன் பின்புறத்தில் பசை இருப்பதால் அச்சானதைக் கிழித்து ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ளலாம். காகிதம் பார்வைக்குச் சாதாரணமாகத் தோன்றினாலும், கடைகளில் பில் அடித்துத் தரும் தெர்மல் காகிதத்தின் வகையைச் சேர்ந்ததுதான் இதுவும். நிறமற்ற ஒரு சாயமும், அதை நிறமாக்கும் அமிலத்தன்மையுள்ள ஒரு வேதிப்பொருளும் காகிதத்தின் மேற்பூச்சில் பக்கத்தில் பக்கத்தில் கலவாமல் காத்திருக்கின்றன. அச்சுப்பொறியின் தலையில் ஒரே வரிசையில் அமைந்த 160 நுண்ணிய வெப்பப் புள்ளிகளில் எது சூடாகிறதோ, அதற்கு நேரே பூச்சு உருகி, இரண்டும் கலந்து அந்த இடம் மட்டும் கறுக்கிறது. ஒரு வரி முடிந்ததும் மோட்டார் காகிதத்தை ஒரு மயிரிழை நகர்த்துகிறது. அடுத்த வரி தொடங்குகிறது. இப்படிச் சூட்டினாலேயே எழுதும் கருவி என்பதால்தான், இரண்டே பென்சில் பேட்டரிகளில் மணிக்கணக்காக ஓடும் கேம் பாய் கலரோடும் இணைத்துப் பயன்படுத்தக்கூடிய இந்தப் பெட்டிக்கு அதே அளவில் ஆறு பேட்டரிகள் வேண்டியிருந்தன. அவற்றையும் அது எவ்வளவு விரைவில் குடித்துத் தீர்க்கும் என்பது பெற்றோர்களுக்குத் தெரியும்.

லேமினேஷன் இயந்திரம் செய்யும் வேலையும் சூடாக்குவதுதான். பிளாஸ்டிக் உறையின் உட்புறப் பசை இளகி ஒட்டும் அளவுக்கு அதன் உருளைகள் சூடாகின்றன. தெர்மல் காகிதம் கறுப்பதற்கு அந்தச் சூடு தாராளமாகப் போதும். என் வீட்டில் அன்று நடந்ததைச் சொல்கிறேன். மூன்று படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சான ஒரு நாடா என்னிடம் இருந்தது. நடுவில் இருந்தது நானும் என் அக்காவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம். கேம் பாயில் செருகும் கார்ட்ரிட்ஜ் வடிவில் வந்த கேம் பாய் கேமராவின் உருண்டைத் தலையைத் திருப்பி நம்மை நோக்கி வைக்கலாம் என்பதால், இன்று எல்லோரும் செல்ஃபி என்று சொல்வதை அன்றே எடுத்திருந்தோம். இருவருமே சட்டத்துக்குள் முழுதாக அடங்கவில்லை. அக்காவின் மூக்குக் கண்ணாடியும் என் ஒரு காதும்தான் தெளிவாகத் தெரியும். நாடாவின் ஓரங்கள் மஞ்சளாகத் தொடங்கியதைக் கண்டு பயந்து, அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் நேராக வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் தடவி, இயந்திரத்தின் வாயில் கொடுத்தேன். முதலில் வெளியே வந்த வெற்று ஓரமே கரிய நிறத்தில் இருந்தது. அதைக் கண்டதும் உறையைப் பின்னால் பிடித்து இழுத்தேன், உருளைகள் விடவில்லை. கண்ணெதிரே அக்காவின் கண்ணாடி உள்ளே போயிற்று. மறுபுறம் வழவழப்பான கறுப்புப் பட்டை ஒன்று வெளியே வந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். படம் இருந்ததற்கான தடம்கூட அதில் இல்லை.

சூடு படாத, பசையால் மட்டும் ஒட்டும் லேமினேஷன் உறைகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கக்கூடும். அதையும் பரிந்துரைக்க மாட்டேன். தெர்மல் பூச்சில் உண்டாகும் கறுப்பு உறுதியான சாயம் அன்று. சாயமும் அமிலப்பொருளும் சேர்ந்திருக்கும் வரைதான் நிறம் இருக்கும். அந்தச் சேர்க்கை கலைந்தால் சாயம் பழையபடி நிறமற்றதாகிவிடும். பசைகளில் உள்ள கரைப்பான்களும், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்களும், கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கும் அந்த வேலையை மெல்ல மெல்லச் செய்கின்றன. ஒளிபுகும் பிளாஸ்டிக் பைகளுக்குள் செருகி ஆல்பத்தில் வைத்த பில்கள் வெளுத்துப்போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். செல்லோ டேப் ஒட்டிய இடம் மட்டும் வெள்ளைப் பட்டையாக அழிந்து நிற்பதும் இதனால்தான். காகித உறைக்குள் போட்டு, வெயிலும் வெப்பமும் படாத இருட்டில் வைப்பதே அசலைக் காக்கும் ஒரே முறை. அதுவும் அழிவைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. எனவே முதலில் ஸ்கேன் செய்து கொள்ளுங்கள். கறுப்பு ஏற்கெனவே சாம்பலாக வெளிறியிருந்தாலும், கணினியில் ஒளி வேறுபாட்டைக் கூட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத விவரங்கள் ஓரளவு மேலே வரும். ஸ்கேனர் இல்லாதவர்கள் பரவலான பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், கைபேசியில் நேர் மேலிருந்து எடுத்தாலும் போதும்.

காகிதம் போனால் என்ன, கார்ட்ரிட்ஜில்தான் படம் இருக்கிறதே, மறுபடியும் அச்சிட்டுக்கொள்ளலாமே என்ற எண்ணம் அக்கட்டுரையின் அடியில் ஓடுகிறது. நானும் அன்று அப்படித்தான் எண்ணி மனத்தைத் தேற்றிக்கொண்டேன். கேம் பாய் கேமரா 30 படங்களைத் தன்னுள் வைத்திருக்கும். ஆனால் அவை பதிந்திருக்கும் நினைவகத்துக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் பொத்தான் அளவுப் பேட்டரி ஒன்றுதான் அதை ஊட்டிக்கொண்டிருக்கிறது. 1998இல் வாங்கிய கார்ட்ரிட்ஜில் அந்தப் பேட்டரி இன்றும் உயிரோடு இருந்தால் அது அதிர்ஷ்டம். அது தீர்ந்த நாளில் முப்பது படங்களும் ஒன்றாகப் போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது. பேட்டரியை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துப் பழையதைக் கழற்றுகிறவர்கள், கழற்றிய அந்த நொடியிலேயே தம் கையால் படங்களை அழித்துவிடுகிறார்கள். நான் என் கார்ட்ரிட்ஜை எடுத்துச் செருகிப் பார்த்தபோது படத்தொகுப்பு வெறுமையாக இருந்தது.

இங்கேதான் இந்த அச்சுப்பொறியை வெறும் விளையாட்டுப் பொருள் என்று கட்டுரை ஒதுக்கியதோடு நான் முரண்படுகிறேன். பிரிண்டரைப் பயன்படுத்திய விளையாட்டுகள் பல உண்டு. போக்கிமான் மஞ்சள் பதிப்பில் பிடித்த உயிரினங்களின் விவரப் பக்கத்தை அச்சிடலாம். செல்டா வரிசையின் வண்ணப் பதிப்பில் ஆங்காங்கே எலி ஒன்று எடுத்துத் தரும் புகைப்படங்களை அச்சிடலாம். அவையெல்லாம் மறுபடியும் விளையாடினால் மறுபடியும் கிடைக்கும். கேமராவின் படங்கள் அப்படியல்ல. அவை அந்த வீட்டில், அந்த நாளில் நின்ற மனிதர்களின் முகங்கள். அந்த முகங்கள் கார்ட்ரிட்ஜை விட்டு வெளியேற, இன்னொரு கேமரா கார்ட்ரிட்ஜுக்கு மாறுவதைத் தவிர, பெரும்பாலான வீடுகளில் இருந்த ஒரே வாசல் இந்தப் பிரிண்டர்தான். கணினியில் இணைக்கும் வசதியோ, கழற்றி மாற்றும் நினைவக அட்டையோ அந்தக் கேமராவுக்குக் கிடையாது. ஆகவே பல குடும்பங்களில் அந்தச் சிறு ஸ்டிக்கர்தான் இன்று எஞ்சியிருக்கும் ஒரே பிரதி.

படத்தின் தரத்தைப் பற்றிக் கட்டுரையாளர் கிண்டலாக எழுதியதை மறுக்க மாட்டேன். அகலத்தில் 128 புள்ளிகள், உயரத்தில் 112 புள்ளிகள், வெள்ளையிலிருந்து கறுப்பு வரை நான்கே நிறச் சாயல்கள், இவ்வளவுதான் மூலதனம். சுற்றிலும் 16 புள்ளி அகலத்தில் ஒரு சட்டம் போட்டு அதைக் கேம் பாய் திரையின் 160க்கு 144 என்ற அளவுக்குக் கொண்டுவருவார்கள். அச்சுத் தெளிவாக வராவிட்டால் கறுப்பின் அடர்த்தியை இயல்பிலிருந்து 25 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ இடமுண்டு. பேட்டரி இளைத்திருந்தால் எவ்வளவு கூட்டினாலும் சாம்பலாகத்தான் வரும் என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்த எளிமையே இப்போது கைகொடுக்கிறது. திரை முழுவதையும் நிரப்பும் ஒரு படம் என்பது 5,760 பைட்டுகள் மட்டுமே. கேம் பாய் அதை 640 பைட் கொண்ட ஒன்பது பொட்டலங்களாகப் பிரித்து, 16 வரிகள் உயரமுள்ள ஒவ்வொரு பட்டையாக, கேபிள் வழியே பிரிண்டருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் முடிவிலும் கூட்டுத்தொகை ஒன்று வருகிறது. பிரிண்டர் தானும் கூட்டிப் பார்த்து, பிழையா இல்லையா, காகிதம் சிக்கியிருக்கிறதா, பேட்டரி குறைந்துள்ளதா என்று பதில் அனுப்புகிறது. இந்த உரையாடலின் இலக்கணத்தை ஆர்வலர்கள் முழுதாக அறிந்து எழுதி வைத்துவிட்டார்கள். அதனால் நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்றைக் கேபிளின் மறுமுனையில் பொருத்தி, பிரிண்டரைப் போல அதைப் பதில் சொல்ல வைக்க முடிகிறது. கேம் பாய் அச்சிடுவதாக நம்பிக்கொண்டு படத்தை அனுப்பும். அது காகிதத்துக்குப் போகாமல் கணினியில் ஒரு புள்ளிகூடக் குறையாத கோப்பாக வந்து சேரும். சாலிடரிங் தெரியாதவர்கள் கார்ட்ரிட்ஜைப் படித்து அதன் 128 கிலோபைட் நினைவகத்தை அப்படியே கணினிக்குப் பிரதி எடுக்கும் கருவியைப் பயன்படுத்தலாம். அதில் முப்பது படங்களும் ஒரே மூச்சில் வந்துவிடும். பேட்டரியை மாற்றுவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். அதற்கு முன் கார்ட்ரிட்ஜின் திருகாணியைத் தொடவே கூடாது.

மீண்டும் காகிதத்தில் அச்சிட்டுப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பெட்டியோடு வந்த காகிதச் சுருள் முதுமையால் தானே மங்கியிருக்கும். அதில் அச்சிட்டு வெளிறி வந்தால் பிரிண்டர் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். புதிய தெர்மல் சுருளை 38 மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி, பெட்டிக்குள் அடங்கும் அளவுக்கு இறுக்கமாகச் சுற்றிப் போட்டால் பெரும்பாலும் வேலை செய்யும். விளிம்பு பிசிறில்லாமல் வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காகிதம் சிக்கும். பின்புறப் பசை மட்டும் இருக்காது. ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்த பிரிண்டர் என்றால், பேட்டரி அறையைத் திறந்து, கசிந்து உலோக முனைகளில் படிந்த வெண்பொடியைச் சுத்தம் செய்துவிட்டே புதிய பேட்டரிகளைப் போட வேண்டும்.

தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். லேமினேட் செய்யச் சொன்ன வரி தவறு என்று அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும்படி வெளியிடுங்கள். பத்து நாள் கழித்து உள்பக்க மூலையில் வரும் திருத்தம் இதற்கு உதவாது. கட்டுரையைப் படித்துவிட்டுப் பெட்டியைக் கீழே இறக்கிய யாரோ ஒருவர், இந்த வாரமே தம்மிடமுள்ள நாடாவைப் பிளாஸ்டிக் உறைக்குள் நேராக்கி வைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்